வயிறு குலுங்க எழுதுவது எப்படி?

நாஞ்சில் நாட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. சிரிப்பைப் பற்றி எழுதத்தான் ஆள் பஞ்சம். கோயில் கொடை, கல்யாண வீடு, பள்ளி ஆண்டு விழா, ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பொன்னாடை என்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவிலும் தினமும் எங்காவது நாலு பேர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறுநாள் அச்சில் பார்த்தால் எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பாகிக் கிடக்கிறது: "அரங்கமே சிரிப்பலையில் மூழ்கியது."

இந்தக் குறையைப் போக்கத்தான் இந்தக் கையேடு. செய்தியாளர், விழாவைத் தொகுத்து வழங்குபவர், சினிமா விளம்பரம் எழுதுகிறவர், வாட்ஸப் குழுவில் அடுத்தவர் ஜோக்குக்குக் கடமையாகப் பதில் போட வேண்டியவர் ஆகிய எல்லோரும் பயன்படுத்தலாம். சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் அந்த அலையைக் கவனிப்போம். சிரிப்பலை நல்ல சொல்தான். ஆனால் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் நடந்த விழாவுக்கு "அலையில் மூழ்கியது" என்று எழுதிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தக் கடற்கரையில் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. பூதப்பாண்டிக்கு எத்தனை அலை வேண்டுமானாலும் அனுப்புங்கள். அங்கே கடல் இல்லை.

உடல் சேதம்

நாம் சந்தோஷத்தை அளப்பது உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதை வைத்துத்தான். வயிறு குலுங்கும், குலுங்கிய வயிறு வலிக்கும், வலித்த வயிறு புண்ணாகும். விலா நோகும். கண்ணில் தண்ணீர் கொட்டும். புரையேறும். அதற்கும் மேலே போனால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும், உருண்டு புரள வேண்டும், கடைசியில் "சிரிச்சே செத்துட்டேன்" என்று உயிரோடு இருந்து சொல்ல வேண்டும். ஒரு பட்டிமன்றத்துக்கு நானூறு பேர் வந்து நானூறு பேரும் செய்தியில் உள்ளபடி சிரித்திருந்தால் அன்று ராத்திரி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்திருக்காது.

ஆகவே அளவு முக்கியம். வயிறு என்ற உறுப்பைச் சாப்பாட்டுக்கு முன் நடந்த நிகழ்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் பப்படமும் தொடங்கி, எரிசேரி, புளிசேரி தாண்டி, அடைப்பிரதமனும் சிறுபயறுப் பாயசமும் குடித்து எழுந்தவருக்கு வயிறு குலுங்கியது என்று எழுதினால் வாசகர் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார். விலா விஷயத்தில் இன்னும் கவனம். இது வர்ம ஆசான்கள் உள்ள மாவட்டம். விலா நோவு என்றால் எந்த எலும்பு, எத்தனையாவது விரற்கடை என்று கேட்பார்கள். சொல்லத் தெரிந்தால் எழுதுங்கள்.

விழுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. "விழுந்து சிரித்தார்" என்று எவரும் எழுதுவதில்லை, "விழுந்து விழுந்து" என்றுதான் எழுதுகிறோம். ஒரு தடவை விழுந்தால் விபத்து. இரண்டாம் தடவை விழ வேண்டுமென்றால் நடுவில் ஒரு முறை எழுந்திருக்க வேண்டும் அல்லவா, அதை யாரும் எழுதுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முக்கியப் பிரமுகரை விழ வைக்காதீர்கள். தலைமை தாங்கியவர் எங்கள் ஊர் வழக்கப்படி "மனம்விட்டுச் சிரித்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். மனம்விட்டால் என்ன போகும் என்று யாரும் சொல்லாததால் அது பாதுகாப்பான சொல்.

சாவு கடைசிப் படி. யூடியூப்பில் "மரண காமெடி" என்று தலைப்பு வைக்கும் பிள்ளைகளுக்காக ஒரு முன்மாதிரியும் தருகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் கிரிசிப்பஸ் என்று ஒரு தத்துவ அறிஞர் இருந்தார். கழுதை ஒன்று அத்திப்பழம் தின்பதைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மதுவும் ஊற்றிக் கொடுக்கச் சொன்னாராம். தான் சொன்னதற்குத் தானே சிரித்துச் சிரித்து உயிரை விட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. சொன்னவரே சிரித்ததுதான் அங்கே நேர்ந்த பிசகு. நாஞ்சில் நாட்டில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பார். காரணம் பின்னால் வருகிறது.

ஓசை

உறுப்புகள் தீர்ந்துபோனால் ஓசைக்கு வரலாம். தமிழில் இதற்குக் குறைவே இல்லை. கலகல, கடகட, பகபக, களுக், குபீர், கொல், கெக்கே பிக்கே, ஈ. இவற்றை ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடகடவைக் குமரிப்பெண்ணுக்கும் களுக்கை மாவட்டச் செயலாளருக்கும் மாற்றிக் கொடுத்தால் கதையே மாறிவிடும்.

தொடர்கதைகளில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது கலகலவும் களுக்கும். ஆண் கடகடவென்று சிரிப்பான். பணக்காரக் கிழவர் என்றால் அதிரச் சிரிப்பார். "பொம்பளை சிரிச்சாப் போச்சு" என்று சொல்லிக்கொடுத்த அதே ஊர்தான் பொம்பளை சிரிப்பதை எழுத மட்டும் முத்து, மணி, சலங்கை, வெள்ளி என்று ஒரு நகைக்கடையே திறந்து வைத்திருக்கிறது. வேடிக்கையாக இருக்கிறது.

குபீர் என்பது அடக்கிப் பார்த்துத் தோற்றவரின் சிரிப்பு. இழவு வீட்டில், சாமி சன்னதியில், பரீட்சை ஹாலில் வருவது அது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாயில் ரசம் இருக்கும்போது குபீர் வந்தால் செய்தியில் இரண்டு பத்தி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். கொல் என்பது கூட்டத்துக்கு உரியது. ஒற்றை ஆள் கொல்லென்று சிரிக்க முடியாது; வகுப்புச் சிரிக்கும், சபை சிரிக்கும். சட்டமன்றமும் சிரிக்கும், குறிப்பேட்டில் அதை அடைப்புக்குள் "சிரிப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். நம் தொழிலில் அவ்வளவு சிக்கனமானவர்கள் வேறு யாரும் இல்லை.

கொல்லென்ற சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. 1962இல் டாங்கனிகாவில் கஷாஷா என்ற ஊரின் பெண்கள் பள்ளியில் சில மாணவிகளிடம் தொடங்கிய சிரிப்பு நிற்காமல் பரவிப் பள்ளிக்கூடத்தையே மூட வைத்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக, சிரிப்பும் கூடவே ஊர்களுக்குப் போயிற்று. அது சந்தோஷச் சிரிப்பு அல்ல, மன நெருக்கடி என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் இவ்வளவு தூரம் போவதில்லை. மூன்றாவது பெஞ்சில் இருப்பவனை எழுப்பி நிறுத்தியதும் அடங்கிவிடும். சிரித்தது அவனாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஓர் எச்சரிக்கை. "அவர் பேச்சைக் கேட்டு ஊரே சிரித்தது" என்று பாராட்டாக எழுதாதீர்கள். ஊர் சிரிப்பது வேறு காரியத்துக்கு. தெக்குத் தெருவில் யாராவது மானநஷ்ட வழக்குப் போடுவார். அதேபோல் "சிரிப்பாய்ச் சிரிக்கிறது" என்பது குடும்பச் சண்டை, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, குழி விழுந்த ரோடு ஆகியவற்றுக்கு மட்டுமே.

பழைய சரக்கு

கட்டுரை கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் இலக்கணத்தை எடுத்து வையுங்கள். நமக்கு அது வீட்டுச் சொத்து மாதிரி. தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அதங்கோடு என்று விளவங்கோடு பக்கம் ஊர் இருக்கிறது. அந்த ஆசான் நம் ஆள்தான் என்பதில் இங்கே டீக்கடையில்கூடக் கருத்து வேறுபாடு கிடையாது.

மெய்ப்பாடு எட்டில் நகையைத்தான் தொல்காப்பியர் முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கையும் நாஞ்சில் நாட்டில் வைத்துப் பார்த்தால் எள்ளல் ஒன்றுதான் தொழில், மற்ற மூன்றும் அதற்குச் சரக்கு. பேதைமை பக்கத்து வீட்டில் கிடைக்கும். மடனுக்கு மாப்பிள்ளை வீட்டார் இருக்கவே இருக்கிறார்கள்.

வடமொழிப் பக்கம் போனால் பரதர் நாட்டிய சாஸ்திரத்தில் ஆறு சிரிப்புச் சொல்லி, ஆள் தரம் பார்த்து இரண்டிரண்டாகப் பங்கு வைத்திருக்கிறார். மேலோருக்கு ஸ்மிதம், ஹசிதம். நடுத்தரத்தாருக்கு விஹசிதம், உபஹசிதம். கீழோருக்கு அபஹசிதம், அதிஹசிதம். முதல் வகையில் பல் தெரியக்கூடாது. கடைசி வகையில் கண்ணில் நீர் வரும், குரல் உயரும், இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் இன்றைக்கு விளம்பரத்தில் உயர்ந்த நகைச்சுவை என்று போடுவதெல்லாம் அவர் கணக்கில் ஆறாம் நம்பர்.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். மகனுக்குச் சொத்து இல்லை, சகோதரியின் மகனுக்குத்தான் என்றிருந்த முறையை "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்று ஒரு நூலாகவே எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார். குடும்பத் தலைவரான காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் பாட்டைச் சொல்லிப் புலம்புவதாக வரும் நூல் அது. புலம்பல்தான், ஆனால் படிக்கிறவருக்குச் சிரிப்புத் தாங்காது. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது. அதற்கு முன் இதைப் படித்துச் சிரித்த ஒரே திண்ணையில் மகன்களும் இருந்திருப்பார்கள், மருமகன்களும் இருந்திருப்பார்கள். யார் சிரிப்பு எந்த ரகம் என்று எழுதக் கலகலவும் கடகடவும் போதாது.

ஒழுகினசேரி

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிரிப்பைப் பற்றி எழுதினால் ஒழுகினசேரியைத் தாண்டிப் போக முடியாது. 1908 நவம்பர் 29இல் அங்கே பிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர், டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் சேர்ந்து மேடை ஏறி, சினிமாவுக்குப் போய், பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் என்ற பட்டம் வாங்கினார். 1957 ஆகஸ்ட் 30இல் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இவரைப் பற்றி எழுதும்போது இரண்டு தொடர்கள் கட்டாயம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, "சிரிக்கவும் வைத்தார், சிந்திக்கவும் வைத்தார்." இதை எழுதியவர் இரண்டில் எதையும் செய்யவில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். மற்றது, "இந்தியாவின் சார்லி சாப்ளின்." லண்டனில் பிறந்த அந்த மனுசனை எந்த ஊர்ப் பத்திரிகையாவது இங்கிலாந்தின் கலைவாணர் என்று எழுதியிருக்கிறதா? எழுதும்வரை நாமும் பொறுத்துக்கொள்ளலாம்.

சொல் பஞ்சத்துக்கு மருந்து அவரிடமே இருக்கிறது. 1956இல் வந்த "ராஜா ராணி" படத்தில் சிரிப்பைப் பற்றி ஒரு பாட்டு. சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சொன்னதைச் சிரித்தும் காட்டுவார். அசட்டுச் சிரிப்பு எங்கே தொண்டையில் ஏறுகிறது, ஆணவச் சிரிப்பு எங்கே மூக்கில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். நாம் அடைமொழியில் செய்ய முயன்று தோற்பதை அவர் குரல்வளையில் செய்துவிட்டுப் போகிறார். அதே 1956 நவம்பர் 1இல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் விழா மலரில் சேர்த்து எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"நல்லதம்பி" (1949) படத்தின் கிந்தனார் காலட்சேபத்தை ஆதாரமாகக் காட்டுவதும் நல்லது. நந்தனார் கதையின் அச்சில், படிப்பு எட்டாத சாதியில் பிறந்த பையன் பட்டணம் போய்ப் படித்துப் பெரிய உத்தியோகத்தோடு திரும்புகிற கதை. பாகவதர் வேஷத்தையும் அவர் குழைந்து பேசுவதையும் பார்த்துச் சபை சிரித்துக்கொண்டே வரும். எதற்குச் சிரித்தோம் என்பது கொட்டகைக்கு வெளியே வந்த பிறகுதான் உறைக்கும். இதை "தாமதச் சிரிப்பு" என்று எழுதலாம் என்றால் ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். வில்லுப்பாட்டையும் அவர் விடவில்லை. தென்மாவட்டத்துக் கோயில் கொடையில் விடிய விடியக் கேட்ட வில்லையும் குடத்தையும் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பங்கு உண்டு. நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்திலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டுபோனவரும் அவரே.

இனி வருவது இந்தக் கையேட்டுக்கு ஒத்துவராத சங்கதி. 1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளியானது. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், சிரிப்புக்குக் கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அது வெளியான சில மாதங்களுக்குள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகிவிட்டார்கள். தண்டனை, மேல்முறையீடு, பிரிவி கவுன்சில் என்று போய் 1947இல்தான் விடுதலை. இங்கே கொட்டகையில் கிருஷ்ணன் வாயைத் திறந்தால் சிரிப்பு, அங்கே ஆள் ஜெயிலில். தெரிந்தேதான் டிக்கெட் எடுத்தார்கள், தெரிந்தேதான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சொல்ல என்னிடம் உறுப்பும் இல்லை, ஓசையும் இல்லை. நீங்களும் அங்கே சிரிப்பலை போட்டுவிடாமல் இருந்தால் போதும்.

ஆக்குப்புரையில் உட்காருவது எப்படி

மேடைச் சிரிப்பு எல்லாம் செய்திக்கு ஆகும். நாஞ்சில் நாட்டுக்காரர் அசல் சிரிப்புக்குப் போகிற இடம் வேறு. சாயங்காலம் ஊர்முனைக் கலுங்கில் போய் உட்காரலாம். தோல்பாவைக் கூத்து நடந்தால், ராமாயணத்தின் நடுவில் புகுந்து உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் கூத்தைப் பார்க்கலாம். பிள்ளைகள் சிரிக்கும் இடமும் பெரியவர்கள் சிரிக்கும் இடமும் வேறு வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஆக்குப்புரை.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. வீட்டுக்குப் பின்னால் ஓலைப் பந்தல், கீழே பாய், நடுவில் தடியங்காய், சேனை, வழுதலங்காய், சீனியவரை, ஏத்தங்காய் என்று குவிந்து கிடக்கிறது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து வெட்டுகிறார்கள். பெண்ணின் சித்தப்பா ஒருவர் சலவை வேட்டி கசங்காமல், கையில் டார்ச் லைட்டோடு ஒவ்வொருவர் தலைக்கு மேலும் வெளிச்சம் அடித்து மேற்பார்வை பார்க்கிறார். ஒரு காயையும் தொடவில்லை.

"அவியலுக்குக் காயெல்லாம் ஒரே நீளமா வரணும், கேட்டேளா?" என்றார்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாட்டா நிமிரவில்லை. "நீரு அந்த டார்ச்ச அடிச்சிக்கிட்டு நில்லும் வே. காயி பயந்துபோயி தன்னால ஒரே நீளத்துக்கு வெட்டுப்படும்."

யாரும் சிரிக்கவில்லை, அதாவது சத்தம் வரவில்லை. முதலில் கத்திகள் நின்றன. அருவாமணையில் இருந்த மயினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒரு பையன் தடியங்காயை மடியில் போட்டுக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தான், முதுகு மட்டும் ஆடியது. வைப்புக்காரர் அடுப்பை ஊதக் குனிந்தார். அடுப்பு இன்னும் பற்ற வைக்கவே இல்லை. சித்தப்பா டார்ச்சை அணைத்தார்.

அணைத்ததுதான் தாமதம், பந்தல் வெடித்தது.

பாட்டா மட்டும் துருவிக்கொண்டே இருந்தார். "என்னத்துக்கு சிரிக்கியோ? காய வெட்டுங்கோ. விடியப்போவுது" என்றார். அது இரண்டாவது அடி. முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. கிரிசிப்பஸ் படித்திருக்க வேண்டிய பாடம் இதுதான். இங்கே சொல்கிறவர் சிரிக்க மாட்டார், சிரித்தால் அந்தச் சொல் செல்லாது.

பாராட்டும் அப்படித்தான். சிறப்பு, அருமை, பிரமாதம் என்று ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சுமாரான கிண்டலுக்கு "கொள்ளாம்" என்று ஒரு தலையாட்டல். கொஞ்சம் உறைத்தால் "மனுசனக் களியாக்காதேயும்." நன்றாக உறைத்தால் "இந்த வாய வச்சிக்கிட்டு நீரு எப்பிடி வே இத்தன காலம் அடி வாங்காம இருக்கேரு?" அதற்கும் மேலே, பட்டவர் தானே சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சவம், சும்ம கெடயும்" என்பார். இதற்கு மேல் இந்த மாவட்டத்தில் விருது கிடையாது. சித்தப்பா அன்றைக்கு அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இதைச் செய்தியாக்கினால், "திருமண வீட்டில் உறவினர்கள் வயிறு குலுங்கச் சிரித்து மகிழ்ந்தனர்." கத்தி நின்றது, டார்ச் அணைந்தது, பற்றாத அடுப்பை ஊதியது என்று உள்ளதை எழுதினால் வயிற்றையும் விலாவையும் தொடவே வேண்டாம். ஆனால் அதற்கு ராத்திரி ரெண்டு மணிவரை அங்கே உட்கார வேண்டும், சும்மா உட்கார விட மாட்டார்கள், சேனை வெட்டக் கொடுப்பார்கள், கை அரிக்கும். ஆகையால் செய்தியாளருக்கு நான் சிபாரிசு செய்வது "வயிறு குலுங்க" தான்.

விளம்பரம், வாட்ஸப்

சினிமாக்காரர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சிரிப்பைச் சிவகாசியில்தான் கொள்முதல் செய்கிறார்கள்: வெடி, சரவெடி, பட்டாசு. தீபாவளி அல்லாத நாளில் சமையற்கட்டுக்குப் போய் விருந்து, ஃபுல் மீல்ஸ் என்று பரிமாறுகிறார்கள். படம் பார்த்தவர்கள் "குடும்பத்தோட போய்ட்டு வரலாம்" என்றால் சிரிப்பு இல்லை என்று பொருள். "லாஜிக் பார்க்காமல் போனால் சிரிக்கலாம்" என்றால் இரண்டும் இல்லை.

சிரிப்பு யோகாக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் போகலாம். மும்பையில் மருத்துவர் மதன் கடாரியா 1995இல் தொடங்கி வைத்தது, இப்போது உலகமெங்கும் பூங்காக்களில் நடக்கிறது. ஜோக் ஏதும் கிடையாது. எல்லோரும் வட்டமாக நின்று காரணமில்லாமல் சிரிப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதும் அரிய வாய்ப்பு இது: "யாரும் எதுவும் சொல்லவில்லை, அனைவரும் சிரித்தனர்."

வாட்ஸப்பில் எழுத்தே வேண்டாம். கண்ணீர் வழியச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சொல்லே இல்லாத ஒன்று சொல்லுக்குரிய பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. குடும்பக் குழுவில் அதன் விலைப்பட்டியல் இது: ஒரு முகம் போட்டால் படித்தேன் என்று பொருள். மூன்று போட்டால் படிக்கவில்லை. ஆறு போட்டால் மஸ்கட்டில் இருக்கும் மச்சினனிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது. உண்மையாகவே சிரிப்பு வந்தவர் பதில் போடுவதில்லை. போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவார்.

யாரும் சிரிக்காவிட்டால்

நடப்பதுதான். நகைச்சுவைப் பேச்சாளர் நாற்பது நிமிஷம் பேசியும் கூட்டம் பாயசத்துக்குப் போன ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தால் "ரசிகர்கள் ஆழ்ந்து ரசித்தனர்" என்று எழுதலாம். "மெல்லிய நகைச்சுவை இழையோடியது" என்பதும் செல்லும். முன் வரிசையில் விழாக் குழுத் தலைவர் ஒருவர் மட்டும் ஜோக் முடியும் முன்னாலேயே சிரித்திருப்பார். பேச்சாளருக்குக் கவர் கொடுக்கப்போகிறவர் அவர்தான். அவரைப் பெயரோடு எழுதுங்கள், நாளைக்கு விளம்பரம் தருவார்.

நேரப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கோயில் கொடைப் பட்டிமன்றம் என்று நோட்டீசில் ஏழு மணி போட்டிருப்பார்கள். தீபாராதனை முடிந்து, ஒலிபெருக்கி சரியாகி, பொன்னாடைகள் போர்த்தி நடுவர் வாயைத் திறக்கப் பத்தரை ஆகும். உங்கள் பக்கம் ஒன்பது மணிக்கே அச்சுக்குப் போயாக வேண்டும். எனவே சிரிப்பைச் சாயங்காலமே எழுதி அனுப்பிவிடுவதுதான் நடைமுறை. "நடுவரின் நகைச்சுவைப் பேச்சால் கூடியிருந்தோர் விழுந்து விழுந்து சிரித்தனர்" என்று தைரியமாக எழுதலாம், ஒருவரும் மறுப்புத் தெரிவிக்கப்போவதில்லை. அனுப்பும் முன் ஒரு போன் மட்டும் போடுங்கள். நடுவர் வள்ளியூர் தாண்டிவிட்டாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.